ஐந்து விரல் சோதனை

வாசிப்பு வகுப்புக்குக் கதை தேடும்போது அட்டையில் போட்டிருக்கும் வயதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஐந்தும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் வாசித்துக் காட்ட வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. பல நேரம் பிள்ளைக்குச் சொல் தெரியும், சேர்த்து எழுதியிருப்பதுதான் தடுக்கும். 'போய்விட்டானென்றறிந்து' என்று ஒட்டி அச்சடித்திருந்தால் பெரியவர்களே திணறுவார்கள்! கரும்பலகையில் 'போய்விட்டான் என்று அறிந்து' எனப் பிரித்து எழுதுங்கள். முகம் தெளிந்தால் அந்த விரலை நீட்டிவிடலாம்.

அப்புறம், கதை முடிந்ததும் 'இதிலிருந்து என்ன நீதி?' என்று கேட்டுவிடாதீர்கள். 'எந்த இடத்தில் சிரிப்பு வந்தது?' போதும்.