அம்மாவின் சுழிகள்: ஊருக்கு உழைத்தவரின் நினைவைச் சேர்த்து வைப்பது எப்படி

அம்மா போய் மூன்று மாதம் கழித்துத்தான் அவர் அலமாரியைத் திறந்தேன். துணிகளுக்கு அடியில் ஒரு கோடு போட்ட நோட்டு. பக்கம் பக்கமாகத் தெருவிளக்குக் கம்பங்களின் எண்கள். விளக்கு எரியாத நாளில் ஒரு சுழி, சரிசெய்ததும் அதற்குள் ஒரு டிக். 14-ஆம் எண்ணுக்கு நேராக மட்டும் பதினொரு சுழி, ஒரு டிக்கும் இல்லை.

இப்படி ஒரு பெட்டியோ கட்டோ உங்கள் கைக்கும் வந்தால், முதல் வேலை எதையும் ஒழுங்குபடுத்தாமல் இருப்பது. நான் அவசரப்பட்டு, அம்மா ஊருக்காகப் போட்ட மனுக்களைத் தேதிவாரியாக அடுக்கினேன். எந்த மனுவோடு எந்தப் பதிலை அம்மா சேர்த்து வைத்திருந்தார் என்பது அதோடு போயிற்று. இருந்த நிலையிலேயே அலமாரியைப் படம் எடுத்துவிட்டு அப்புறம் கை வையுங்கள்.

துருப்பிடித்த குண்டூசியை வெடுக்கென்று உருவினால் தாள் கிழியும். தாளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எடுங்கள். கிழிசலில் செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். சில வருடத்தில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். மெஷினில் அச்சாகும் வழவழப்பான ரசீதுகள் தானாகவே வெளுத்துப்போகும், அவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனின் நுணுக்க அளவு கடிதங்களுக்கு 300 டிபிஐ போதும், புகைப்படங்களுக்கு 600 வையுங்கள். படத்தின் பின்னால் பெயர் எழுதப் பால்பாயிண்ட் பேனா வேண்டாம். அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். கணினியில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, வேறு வீட்டில் ஒன்று என மூன்று பிரதிகள் இருக்கட்டும்.

சரி, காகிதம் முடிந்தது. மனிதர்கள்தான் கஷ்டம்.

"எங்க அம்மா எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டால், "தங்கமான மனுஷி" என்பார்கள். அத்தனை பேரும் அதையே சொல்வார்கள். நாற்காலி போட்டு ஐந்து பேரிடம் கேட்டு, ஐந்து தங்கத்தோடு வீடு திரும்பியவன் நான். ஆறாவது ஆளோடு தெருவில் நடந்தேன். முனை திரும்பியதும் அவரே நின்றுவிட்டார். "இந்த வாய்க்கால் மூடி எப்படி வந்தது தெரியுமா?" என்று தொடங்கியவர் அரை மணி நேரம் நிறுத்தவில்லை. நடந்துகொண்டே பேசவிடுங்கள், இடமே ஞாபகத்தைக் கிளப்பிவிடும். ஃபோன் சட்டைப்பையில் இருந்தால் துணி உரசும் சத்தம்தான் பதிவாகும், கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யலாமா, மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டலாமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

சண்டை போட்டவர்களை விட்டுவிடாதீர்கள். தெருவை அளந்து தன் வீட்டுப் படியை இரண்டடி உள்ளே தள்ள வைத்ததற்காக ஒருவர் அம்மாவிடம் கடைசிவரை பேசவில்லை. தயங்கித்தான் போனேன். அளக்க வந்த நாளில் அம்மா டேப்பின் ஒரு முனையைத் தன் கையிலேயே பிடித்திருந்ததையும், முதலில் எங்கள் வீட்டு வாசலைத்தான் அளக்கச் சொன்னதையும் அவர்தான் சொன்னார். தங்கம் என்றவர்கள் யாருக்கும் அது ஞாபகமில்லை. "இன்னும் கோபம்தான்" என்றும் சொன்னார். அதையும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஆனால் யார் சொன்ன வருடத்தையும் அப்படியே நம்பாதீர்கள். மனுவின் தேதியோடு ஒத்துப்பாருங்கள். இறந்தவர் தலையில் எல்லாப் புகழையும் ஏற்றுவதும் நடக்கும். வாய்க்கால் மூடி மனுவில் அம்மாவுடையது நான்காவது கையெழுத்து. மற்ற மூவரின் பெயரையும் எழுதி வைத்தேன். நடக்காமல் போன மனுக்களைத் தனியாக ஒரு கவரில் போட்டேன். அதுதான் தடிமன்.

கல்வெட்டு, சிலை பற்றி என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு அதில் ருசி இல்லை.

படத்தின் பின்னால் எழுதும் பெயரைத் தவிர அசலில் எதையும் எழுதக்கூடாது என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். நகலில்தான் குறிப்பு எழுத வேண்டும். நான் ஒரே ஒரு முறை மீறினேன். போன வாரம் இரவு 14-ஆம் கம்பத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பன்னிரண்டாவது சுழியை நோட்டில் போட்டேன். பென்சிலில்தான்.