மீன் பெட்டியில் நாற்று: கீழிருந்து தண்ணீர் குடிக்கும் முறை

நான் நாகர்கோவிலில் பஸ் கண்டக்டர். சென்னை வண்டியில் ஏறினால் திரும்பி வர இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் ஆகும். வீடு ராஜாக்கமங்கலம் பக்கம். மட்டுப்பாவில் (மொட்டை மாடியில்) வழுதலங்காய் (கத்தரிக்காய்), தக்காளி, காந்தாரி மிளகாய் வைத்திருக்கிறேன். வளர்ந்த செடி ஒரு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் வாடும், ஊற்றினால் நிமிர்ந்துவிடும். நாற்று அப்படியில்லை. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே மேல்காற்றுதான் (மேற்கிலிருந்து வரும் காற்று) ஆனி, ஆடியில் எங்கள் மட்டுப்பாவிலும் அடிக்கிறது. இரண்டு இலை விட்ட பிஞ்சு நாற்று அதில் அரை நாளில் கருகிப் போகும். அம்மாவுக்கு முழங்கால் வலி, படியேற முடியாது. "மக்களே, நீ டூட்டிக்குப் போனா இதுக்கு யாரு வெள்ளம் ஊத்துவா?" என்று ஒருநாள் கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்தப் பெட்டியைச் செய்தேன்.

வேண்டியவை எல்லாம் இங்கேயே கிடைக்கும். மீன் வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்று, மூடியோடு. அடியில் ஓட்டை இருக்கக் கூடாது. வெயிலில் தண்ணீர் சூடாகாமல் இருக்க தெர்மாகோலைவிட நல்லது எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. சோப்புப் போட்டு இரண்டு மூன்று முறை கழுவி, ஒரு நாள் வெயிலில் வையுங்கள், உப்பும் கவிச்சியும் போக வேண்டும். அப்புறம் ஆறு சிரட்டை (கொட்டாங்குச்சி), ஒரு பழைய துவர்த்து (துண்டு), நாற்று வளர்க்கும் 98 குழி உள்ள குழித்தட்டு ஒன்று. தட்டைக் கத்தரிக்கோலால் குறுக்கே பாதியாக வெட்டினால் 49 குழி, அது பெட்டிக்குள் அடங்கும்.

சிரட்டைகளைப் பெட்டிக்குள் கவிழ்த்து வையுங்கள். கண் திறந்த சிரட்டையாக எடுத்தால் உள்ளே காற்று அடைபட்டு மிதக்காது. பெட்டி மூடியைத் தட்டின் அளவுக்கு வெட்டிச் சிரட்டைகளின் மேல் பலகை மாதிரி வையுங்கள். துவர்த்தை அதன்மேல் விரித்து, இரண்டு முனைகளும் பெட்டியின் அடி வரைக்கும் தொங்கட்டும். அதன்மேல்தான் குழித்தட்டு. துவர்த்து தண்ணீரை உறிஞ்சி மேலே கொண்டுவரும், குழியில் நிரப்பிய நார்த்தூள் (தேங்காய் மட்டையின் தூள்) அடி ஓட்டை வழியாக அதை இழுத்துக்கொள்ளும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலத்தான். புதுத்துணியில் கஞ்சி இருக்கும், சரியாக உறிஞ்சாது. பலமுறை துவைத்து நைந்த பருத்தித் துணிதான் வேண்டும். நைலான் கலந்தது வேண்டாம்.

பெட்டியின் பக்கவாட்டில், அடியிலிருந்து 4 செ.மீ. உயரத்தில் ஒரு ஓட்டை போடுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். நம் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. ஓட்டை இல்லாவிட்டால் ஒரு இரவு மழையில் பெட்டி நிரம்பி வேர் மூழ்கிவிடும். தண்ணீருக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி எப்போதும் இருக்க வேண்டும், வேருக்குக் காற்று அது வழியாகத்தான். ஓட்டையில் கொசுவலைத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். பெட்டி விளிம்புக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் வலையால் மூடுங்கள். தேங்கிய நல்ல தண்ணீர்தான் டெங்கு கொசுவுக்குப் பிடித்த இடம். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை பெட்டியைக் கவிழ்த்துக் காலி செய்துவிடுகிறேன்.

இனி நார்த்தூள். இந்த முறையில் பாதி வேலை இதில்தான், நான் பட்டதும் இதில்தான். முதல் தடவை ஒரு தும்பு ஆலையின் (தேங்காய் நார் ஆலை) பின்னால் குவிந்து கிடந்ததை அள்ளி வந்து அப்படியே நிரப்பினேன். விதை முளைத்தது. பத்தாம் நாள் குழிகளின் மேல் வெள்ளைப் பொரிபோல உப்புப் படிந்தது, இலை ஓரங்கள் பழுத்துச் சுருண்டன. 49 வழுதலை நாற்றில் பிழைத்தது ஏழு. காரணம் பிறகுதான் புரிந்தது. மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து கீழே வடிந்துவிடும். கீழிருந்து ஏறும் தண்ணீரோ உப்பையும் சுமந்துகொண்டு மேலே வரும். தண்ணீர் காற்றில் போய்விடும், உப்பு போகாது. நார்த்தூளில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் உண்டு. மட்டையை உவர்நீரில் ஊறவைத்திருந்தால் இன்னும் அதிகம்.

ஆகவே கழுவுங்கள். மக்கிய நார்த்தூளாகப் பார்த்து வாங்கி, சாக்கில் கட்டி, நல்ல தண்ணீரில் ஒரு இரவு முக்கி வையுங்கள். காலையில் பிழிந்து தண்ணீரை மாற்றுங்கள். இப்படி மூன்று முறை. முதல் தண்ணீர் கட்டன்சாயா (பால் இல்லாத தேநீர்) நிறத்தில் வரும், மூன்றாவது வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். அப்புறம் ஒரு சிரட்டையில் அந்தத் தூளைப் போட்டுப் பத்துச் சிறுபயறு ஊன்றுங்கள். மூன்றாம் நாள் பிடுங்கிப் பாருங்கள். வேர் நுனி வெள்ளையாக இருந்தால் சரி. பழுப்பாக இருந்தால் இன்னொரு முறை கழுவ வேண்டும். இதற்கு ஒரு வாரம் போகும். போகட்டும்.

கழுவிய தூள் மூன்று பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு. செம்மண் சேர்க்க வேண்டாம், சின்னக் குழியில் இறுகிக் காற்றை அடைக்கும். கலவையைக் கையால் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். காய்ந்த நார்த்தூளில் கீழிருந்து தண்ணீர் எளிதில் ஏறாது. அதனால் நனைத்தே நிரப்புங்கள், குழியின் அடி வரை விரலால் லேசாக அழுத்துங்கள். விதை போட்டதும் ஒரே ஒரு முறை மேலிருந்து பூவாளியால் தெளியுங்கள். துணியும் தூளும் அப்போதுதான் ஈரத்தால் கைகோக்கும்.

விதையை அரை செ.மீ. ஆழத்தில் போட்டால் போதும். நாற்றழுகலுக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சணப் பொடி, ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்பது கணக்கு. நம் வீட்டு விதைக்கு ஒரு சிட்டிகை புரட்டி எடுத்தால் சரி. மேலே செய்தித்தாள் மூடி வையுங்கள். தக்காளி ஒரு வாரத்துக்குள் தலை காட்டும், வழுதலை பத்து நாள் வரை எடுக்கும், காந்தாரி மூன்று வாரம்கூட ஆகும், பொறுமை வேண்டும். முதல் முளை தெரிந்த அன்றே தாளை எடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் வெளிச்சம் தேடி நெட்டையாக வளர்ந்து சாயும்.

என் பெட்டி ஆறு லிட்டர் பிடிக்கும். மேல்காற்றில் மூன்று நாள், மற்ற மாதங்களில் ஐந்து நாள் வரை வருகிறது. எப்போதும் ததும்ப வைக்காதீர்கள். தண்ணீர் தீர்ந்து, துணி ஈரமாக மட்டும் இருக்கும் நிலையில் அரை நாள் விட்டு ஊற்றுவது நல்லது. மேலே பாசி பிடிக்காது, தண்டும் அழுகாது. துணி முழுக்கக் காய்ந்துவிட்டால் மறுபடி மேலிருந்து ஒருமுறை நனைத்தால்தான் இழுக்கும்.

விதைக்குள்ளேயே முதல் இரண்டு இலைக்கான சாப்பாடு இருக்கிறது. அதுவரை உரம் வேண்டாம். அந்த விதையிலைகளுக்கு அடுத்து உண்மையான இலை இரண்டு வந்த பிறகு 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ளது) லிட்டருக்கு அரை கிராம் என்று பெட்டித் தண்ணீரில் கரைத்துவிடுகிறேன், நாற்று தானே எடுத்துக்கொள்ளும். பஞ்சகவ்யம், மீன் அமிலம் இவற்றைத் தேங்கும் தண்ணீரில் ஊற்ற வேண்டாம், அழுகி நாறும். வாரம் ஒருமுறை பெட்டியைக் காலி செய்கிற அன்று மேலிருந்து தாராளமாகத் தண்ணீர் ஊற்றி, ஏறிய உப்பைக் கழுவி வெளியே கொட்டிவிடுங்கள்.

நாலைந்து நாளுக்கு ஒருமுறை தட்டைத் தூக்கித் திருப்பி வையுங்கள். இல்லாவிட்டால் வேர் துணிக்குள் நுழைந்து, எடுக்கும்போது பிய்ந்துபோகும். தக்காளியை 25 நாளில் நடலாம், வழுதலைக்கு 30 நாள், மிளகாய்க்கு 40 வரை. நடுவதற்கு இரண்டு நாள் முன்பு தண்ணீரைக் குறைத்து, காலை வெயிலில் வெளியே வைத்துப் பழக்குங்கள்.

அடுத்த விதைப்புக்கு முன் துவர்த்தைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, கொடியில் நன்றாகக் காயவிடுங்கள்.