பின்னல் என்ட்ரோபியைக் கணக்கிட்டுக் கருந்துளையின் பரப்பு வரை செல்வது எப்படி?

கருந்துளையின் என்ட்ரோபி (அதன் நிலையைப் பற்றி நமக்குத் தெரியாததன் அளவு) அதன் பரப்புக்கு நேர்விகிதமாக இருப்பது ஏன் என்று அறிய விரும்புவோர், பொதுச் சார்பியலுக்குள் இறங்கும் முன் இரண்டே குவாண்டம் பிட்டுகளை வைத்துத் தாளில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

00 என்று கிடைக்க நிகழ்தகவு 0.9, 11 என்று கிடைக்க 0.1 என அமைந்த பின்னிய நிலை (இரு பிட்டுகளையும் தனித்தனியே விவரிக்க முடியாத நிலை) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முழு நிலையும் தெரிந்திருப்பதால் மொத்த என்ட்ரோபி சுழியம். இனி இரண்டாம் பிட்டின் எல்லா நிலைகளையும் கூட்டி அதைக் கணக்கிலிருந்து நீக்கினால், முதல் பிட்டின் அடர்த்தி அணியில் (அதன் நிலையை விவரிக்கும் எண்களின் அட்டவணையில்) மூலைவிட்டத்தின் 0.9, 0.1 மட்டுமே எஞ்சும். ஒவ்வொன்றையும் அதன் இயல் மடக்கையால் பெருக்கிக் கூட்டி, குறியை மாற்றுங்கள்: 0.325. இதுவே பின்னல் என்ட்ரோபி. முதல் பிட்டை நீக்கி இரண்டாவதற்குக் கணக்கிட்டாலும் அதே எண்தான் வரும். இந்தச் சமத்துவத்தை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். என்ட்ரோபி பரப்புக்கு நேர்விகிதம் என்னும் பரப்பு விதியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அடுத்து, வெற்றிடத்தில் ஒரு புலத்தை எடுத்து, அதனுள் R ஆரமுள்ள கற்பனைக் கோளம் ஒன்றை வரையுங்கள். உள்ளேயும் வெளியேயும் ஒரே என்ட்ரோபி வர வேண்டுமென்றால், இரண்டுக்கும் பொதுவான எல்லைப் பரப்பையே அது சார்ந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம். 1986-இல் பொம்பெல்லி, கௌல், லீ, சோர்கின் ஆகியோர் தொடங்கிய இந்த வழியில் 1993-இல் ஸ்ரெட்னிக்கி எண்களைப் போட்டுக் காட்டினார். ஆரத்தை a இடைவெளியுள்ள புள்ளிகளாகப் பிரித்தால், ஒவ்வொரு கோண உந்தத்துக்கும் புலம், ஒன்றோடொன்று பிணைந்த அலையிகளின் (ஊசலாடும் அமைப்புகளின்) சங்கிலியாகிவிடும். உட்பகுதியை நீக்கி எல்லாச் சங்கிலிகளின் என்ட்ரோபியையும் கூட்டினால் ஏறத்தாழ 0.30 R²/a² கிடைக்கும். சிறிய கணினி நிரல் போதும். நீங்களே செய்து பார்க்க வேண்டிய கணக்கு இது.

இதைக் கருந்துளையின் என்ட்ரோபிக்கான பெக்கென்ஸ்டைன்–ஹாக்கிங் சூத்திரத்தோடு ஒப்பிடுங்கள். அதன்படி என்ட்ரோபி, பிளாங்க் நீளத்தின் (குவாண்டம் ஈர்ப்பில் பயன்படும் மிகச் சிறிய நீள அலகின்) வர்க்கத்தில் அளந்த பரப்பில் நான்கில் ஒரு பங்கு. சூரியனின் நிறையும் சுமார் 3 கிலோமீட்டர் ஆரமும் கொண்ட கருந்துளைக்கு அது ஏறத்தாழ 10⁷⁷. இரண்டும் பொருந்த a பிளாங்க் நீளத்தில் சுமார் 0.31 பங்காக இருக்க வேண்டும். ஆனால் இதை நான்கில் ஒரு பங்கின் நிரூபணமாகக் கருதுவது தவறு, ஏனெனில் a நாம் தெரிந்தெடுத்த எண். இன்னொரு புலத்தைச் சேர்த்தால் பின்னல் என்ட்ரோபி இரட்டிக்கும். அதே புலம் ஈர்ப்பு மாறிலியையும் திருத்துவதால் இரண்டு மாற்றங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்யக்கூடும் என்று சஸ்கிண்டும் உக்லமும் 1994-இல் வாதிட்டனர். நிரல் சரியாக ஓடியபின் அந்த வாதத்தைப் படியுங்கள்.