புல்தரையில் கோரை: கிழங்கை எடுக்காமல் தீராது

பெங்களூரில் ஜூன் மழை பிடித்ததும், வெட்டி நாலு நாள் ஆன மெக்சிகன் புல்லுக்கு மேலே பளபளவென்று விறைத்து நிற்பது பெரும்பாலும் கோரை. அடித்தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் கோரைதான். தோட்டக்காரரிடம் கன்னடத்தில் ‘கொன்னாரி கட்டெ’ என்றால் உடனே புரியும். லாரியில் வந்த செம்மண்ணோ எருவோ கொண்டுவந்த சரக்கு அது.

கையால் இழுத்தால் இலை மட்டும் வரும். மண்ணுக்குள் கிழங்குகள் சரமாகக் கோத்திருக்கும்; முனையில் ஒன்று முளைத்திருக்கும்வரை மற்றவை பெரும்பாலும் உறங்கும். சரம் அறுந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே முளைக்கும். மேலாகக் கொத்திவிட்ட இடத்தில் கோரை இன்னும் அடர்த்தியாக வருவது இதனால்தான்.

பத்திருபது முளைதான் என்றால் தோண்டுவதே நல்லது. முந்தின நாள் தண்ணீர் விட்டு, முளைக்கு நாலு விரல் தள்ளிக் களைக்கொத்தியை ஒரு சாண் ஆழம் இறக்கி, மண்கட்டியோடு நெம்புங்கள். கட்டியை உதிர்த்து, கறுத்த கிழங்கோடு வெளுத்த பிஞ்சையும் பொறுக்குங்கள். கம்போஸ்டில் போடவே கூடாது. இரண்டு வாரத்துக்கொருமுறை திரும்பப் பாருங்கள். அதைவிட விட்டால் புதுக் கிழங்கு கட்டிவிடும்.

தரை முழுக்கப் பரவியிருந்தால் மருந்துதான். ஹாலோசல்ஃப்யூரான் மீத்தைல் 75% டபிள்யூ.ஜி. (தண்ணீரில் கலக்கும் குருணை) என்ற களைக்கொல்லி கரும்பு, மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு 36 கிராம் என்ற கணக்கில் அடிக்கப்படுகிறது. அதே கணக்கில் 500 சதுர அடிக்கு 0.4 கிராம், 2 லிட்டர் தண்ணீரில். சமையலறைத் தராசு இதற்கு உதவாது. நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். கூடவே மருந்து இலையில் ஒட்ட உதவும் ஒட்டுப்பசை, லிட்டருக்கு 1 மில்லி. முதலில் ஒரு மூலையில் அடித்து, உங்கள் புல் தாங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கோரை 3 முதல் 5 இலை விட்டிருக்கையில் அடிக்க வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் புல் வெட்டாதீர்கள். இலை இருந்தால்தான் மருந்து கிழங்குக்கு இறங்கும். இங்கே மழை சாயங்காலம் கொட்டும் என்பதால் காலையிலேயே முடித்துவிடுங்கள். கையுறை, மாஸ்க் அவசியம். அடித்த மருந்து காயும்வரை குழந்தையும் நாயும் அந்தப் பக்கம் போகக் கூடாது. பூச்செடி, கீரைப் பாத்தி மேல் சாரல் படக் கூடாது.

கோரை மஞ்சளாகவே ஒரு வாரம் பத்து நாள் ஆகும், காய மூன்று நான்கு வாரம். நாலாம் நாளே ‘கேட்கவில்லை’ என்று மறுபடி அடிப்பவர்கள்தான் அதிகம். புல் கருகுவது அதில்தான். ஆறு வாரம் கழித்து மீண்டும் முளைத்தவற்றுக்கு மட்டும் இரண்டாம் முறை.

கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி உங்கள் புல்லையும் சேர்த்துக் கொல்லும். 2022-இல் மத்திய அரசு அதன் பயன்பாட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. உப்பு, வினிகர் யோசனைகளை விட்டுவிடுங்கள்.

புதிதாக மண் இறக்கும் முன் ஒரு வாளி சாம்பிள் வாங்கி, நனைத்து மூன்று வாரம் வெயிலில் வையுங்கள். கோரை முளைத்தால் அந்த லோடு வேண்டாம்.