தங்கையும் நானும் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்த விதம்

தன் மகனுக்கு எம்எம்ஆர் ஊசி (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசி) போடுவதற்கு முந்தைய இரவு, என் தங்கை ஓர் ஆய்வுக் கட்டுரையை அனுப்பினாள். "அக்கா, படிச்சதிலிருந்து தூக்கமே வரல" என்றாள். ஊசிக்குப் பிறகு ஆட்டிசம் வந்ததாக அதில் எழுதியிருந்தது. பெற்றவளின் பயத்தை "அதெல்லாம் சும்மா" என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. போனில் பேசியபடியே இருவரும் அதைப் படித்தோம். அதே வரிசையில் நீங்களும் பாருங்கள்.

முதலில் கட்டுரையின் தலைப்பை அப்படியே, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டில் தேடுங்கள். அவள் அனுப்பியது 1998-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. 2010-இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. பப்மெட்டில் அந்த அறிவிப்பு தெரியும். கைமாறி வரும் நகலில் பெரும்பாலும் இருக்காது. ஒரு நிமிட வேலைதான், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் ஆய்வு முறையைச் சொல்லும் பகுதிக்குப் போங்கள். எத்தனை குழந்தைகள், யாரோடு ஒப்பிட்டார்கள்? அதில் இருந்தவர்கள் 12 பேர். ஒப்பிட வேறு குழுவே இல்லை. எட்டுப் பேரின் நடத்தையில் வந்த மாற்றத்தைப் பெற்றோரோ மருத்துவரோ ஊசியோடு சேர்த்துச் சொல்லியிருந்தார்கள். "எட்டுப் பேராச்சே அக்கா!" என்றாள். இங்கேதான் நிதானம் வேண்டும். ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படுவது பெரும்பாலும் ஒரு வயதைத் தாண்டிய பிறகு. முதல் எம்எம்ஆர் ஊசி போடுவதும் ஏறக்குறைய அதே பருவத்தில். குழந்தை நடக்கத் தொடங்குவதும் அப்போதுதான். ஊசியால்தான் குழந்தை நடக்கத் தொடங்கியது என்று யாரும் சொல்வதில்லை. தற்செயலா, காரணமா என்று பிரித்துப் பார்க்க, ஊசி போடாத குழந்தைகளும் ஆய்வில் இருந்தாக வேண்டும்.

2019-இல் வெளியான டென்மார்க் ஆய்வில் அப்படிப்பட்ட குழந்தைகளும் இருந்தார்கள். மொத்தம் 6,57,461 குழந்தைகள். ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டபோது ஆட்டிசத்துக்கான அபாய விகிதம் 0.93, அதன் வீச்சு (உண்மையான அளவு இருக்கக்கூடிய எல்லை) 0.85 முதல் 1.02 வரை. 1 என்றால் இரு பக்கமும் சமம். வீச்சுக்குள் 1 இருந்தால், வேறுபாடு இருக்கிறது என்று சொல்ல ஆதாரம் போதாது. உடன்பிறந்தவருக்கு ஆட்டிசம் உள்ள குழந்தைகளைத் தனியே பார்த்தபோதும் அபாயம் கூடவில்லை.

பணம் யார் கொடுத்தது என்பதையும் பாருங்கள். 1998 கட்டுரையின் முதன்மை ஆசிரியர், தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுக்க முனைந்த வழக்கறிஞர் தரப்பிடம் பணம் பெற்றதைக் கட்டுரையில் சொல்லவில்லை. தடுப்பூசி நிறுவனம் பணம் கொடுத்த ஆய்வையும் இதே கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

"சரி, கெடுதல் இருந்தா எந்த ஆய்வாவது சொல்லுமா?" என்று கேட்டாள். சொல்லியிருக்கிறது. குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்துகொள்ளும் குடல் செருகல் வருவது தெரிந்ததும், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான ரோட்டாஷீல்ட் என்ற தடுப்பூசி 1999-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. எம்எம்ஆர் ஊசிக்குப் பிறகு காய்ச்சலும், அபூர்வமாகக் காய்ச்சல் வலிப்பும் வரலாம் என்பதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

காலையில் டாக்டரிடம் கேட்க அவள் எழுதி வைத்துக்கொண்டது ஒரே கேள்விதான்: காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?