இனிஷியலைக் கவனியுங்கள்
கணவரோ மனைவியோ வேற்று நாட்டவரா? சேலத்திலிருந்து மூட்டை கட்டும் முன் திருமணப் பதிவுச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். என் தங்கையின் சான்றிதழில் அப்பா பெயர் வெறும் ‘எஸ்’. பாஸ்போர்ட்டிலோ ‘சுப்பிரமணியம்’ என்று முழுதாக. நமக்குப் பழகிய இனிஷியல்தான், ஆனால் அவள் கணவர் நாட்டு அதிகாரிக்கு அது வேறு ஆள். அஸ்தம்பட்டி வீட்டில் கட்டி வைத்த பெட்டிகள் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தன, பாவம்.

பதியும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். அப்புறம் அப்போஸ்டில் முத்திரை, அதாவது நம் சான்றிதழ் உண்மையானதுதான் என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசு முத்திரை. இந்த முத்திரையை நாடுகள் தங்களுக்குள் ஏற்பதற்கான ஹேக் ஒப்பந்தத்தில் 2005 முதல் இந்தியாவும் இருக்கிறது. முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகுதான் வெளியுறவு அமைச்சகம். ஆனாலும் சில நாடுகள் இந்திய அப்போஸ்டிலை ஏற்பதில்லை, அந்த நாட்டுத் தூதரகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள்.