ஃபைபர் காரில் விரிசலா? பட்டி டப்பாவைத் திறக்கும் முன் படியுங்கள்

1982-இல் பெங்களூரில் தயாராகி வெளிவந்த சிப்பாணி டால்ஃபின் இன்றைக்கு அபூர்வமான வண்டி. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டனைத் தழுவிய குட்டிக் கார். 848 சிசி எஞ்சின், இரும்புச் சேஸிஸ், அதன்மேல் ஃபைபர் உடல். அம்பாசடரும் பத்மினியும் கதவடியில் துருப்பிடித்து உதிரும். டால்ஃபினின் உடலுக்குத் துரு இல்லை, விரிசல்தான் எதிரி. புதுப் பேனல் வாங்கலாம் என்றால் கடையில் கிடைக்காது. கையில் இருப்பதைத்தான் காப்பாற்றியாக வேண்டும். பொறுமை இருந்தால் முதல்முறை செய்பவருக்கும் இது கைவரும்.

வேலை பழக வரும் பையன்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, மேலே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் தெரியாதே?" இரண்டு மாதம் தெரியாது. பிறகு அதே கோடு அதே இடத்தில் எட்டிப் பார்க்கும். ஃபைபர் என்பது கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்த பொருள். பலம் இழையில் இருக்கிறது. ரெசின் அதைக் கட்டிப் பிடித்திருக்கிறது. ஆழமான விரிசல் என்றால் இழை அறுந்துவிட்டது என்று பொருள். அறுந்த இழைக்குப் புது இழைதான் மாற்று. பட்டியில் அந்தப் பலம் கிடையாது. ஆகவே பழுது தெரிவது முன்பக்கத்தில் என்றாலும், முக்கால்வாசி வேலை பேனலின் பின்பக்கத்தில்தான்.

விரிசல் ஏன் வந்தது?

கருவி எதையும் எடுக்காதீர்கள். முதலில் விரிசலின் இரு பக்கமும் கட்டைவிரல்களை வைத்து மெல்ல அழுத்துங்கள். இரு ஓரங்களும் ஒன்றோடொன்று உரசி வெள்ளைத் தூள் உதிர்ந்தால் இழை அறுந்திருக்கிறது. அசைவே இல்லாமல் சிலந்தி வலைபோல மெல்லிய கோடுகள் மட்டும் தெரிந்தால், பெரும்பாலும் மேலே இருக்கும் ஜெல்கோட் என்ற இழையில்லாத ரெசின் பூச்சு மட்டும் வெடித்திருக்கும். சக்கர வளைவில் உள்ளிருந்து கல் அடித்தால் இப்படித்தான் ஆகும். இருட்டியபின் பேனலுக்குப் பின்னால் டார்ச் பிடித்துப் பார்ப்பதும் நல்லது. பெயிண்ட் போன இடத்தில், அடுக்குகள் பிரிந்த பகுதி வெளிறிய திட்டாகத் தெரியும்.

அடுத்து காரணம். பானெட் கீல், கதவுக் கீல், போல்ட் துளை இவற்றிலிருந்து கோடு கிளம்பினால், அங்கே ஏதோ ஒன்று ஃபைபரை இழுக்கிறது. வாஷர் இல்லாமல் முறுக்கிய போல்ட், சாய்ந்த கீல், அடியில் துருவேறி உப்பிய இரும்புத் தாங்கி, இவைதான் வழக்கமான குற்றவாளிகள். அதைச் சரிசெய்யாமல் விரிசலை மட்டும் ஒட்டினால், ஒட்டுக்குப் பக்கத்தில் புது விரிசல் வரும்.

பொருள்கள்

உப்புத்தாள், முகமூடி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, பெரிய வாஷர் எல்லாம் பெங்களூரின் எஸ்.பி. ரோடு, ஜே.சி. ரோடு பக்கம் கிடைக்கும். ஃபைபர் பொருள் விற்கும் கடையில் பாலியெஸ்டர் ரெசின், அதை இறுக வைக்கும் ஹார்ட்னர், சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் (கண்ணாடி இழை விரிப்பு), அசிட்டோன் வாங்குங்கள். சின்ன மின்தராசு அவசியம். கண்ணளவு இங்கே உதவாது.

ரெசின் வாங்கும்போது, இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டர் ஏற்கெனவே கலந்ததா என்று கேட்டு, கலந்ததையே வாங்குங்கள். ஊதா நிறக் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்தால் தீப்பற்றலாம், வெடிக்கவும் செய்யலாம். இரண்டு புட்டிகளையும் ஒரே பையில்கூட வைக்காதீர்கள். ஹார்ட்னர் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வை போகும் அபாயம் உண்டு. பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, நேராகக் கண் மருத்துவமனைக்குப் போங்கள். ஹார்ட்னர் புட்டியைத் திறக்குமுன் கண்ணாடி மாட்டுவதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அல்சூர், ஸ்ரீராமபுரம் போல வீடுகள் நெருங்கிய சந்துகளில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரைக்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணியில் ஒட்டினால், குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். பேனலைக் கழற்றித் திறந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள். முழுக்கைச் சட்டை போடுங்கள்.

அரைப்பது

முதலில் அசிட்டோன் துணியால் பாலிஷும் மெழுகும் போகத் துடையுங்கள். துடைக்காமல் தேய்த்தால் மெழுகு இழைக்குள் இறங்கிவிடும். பெயிண்டை உப்புத்தாளால் மட்டும் எடுங்கள். பெயிண்ட் உரிக்கும் ரசாயனம் ஜெல்கோட்டையும் சேர்த்துத் தின்றுவிடும்.

விரிசல் முடியும் நுனியில் 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். கோடு மேலும் ஓடாமல் அங்கேயே நிற்கும். இரு ஓரங்களையும் சமமாகச் சேர்த்து, முன்பக்கத்தில் பேக்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் ஒரு பட்டையை வைத்துக் கட்டுங்கள். ரெசின் அந்த டேப்பில் ஒட்டாது.

இனிப் பின்பக்கம். 40 எண் உப்புத்தாள் வட்டு போட்ட கிரைண்டரால் சரிவாக அரையுங்கள்: விரிசல் கோட்டில் ஆழமாகவும், விலக விலக மேலேறியும். ஆழத்தைப்போல 12 மடங்கு அகலம் என்பது நம்பகமான கணக்கு. பேனல் 3 மி.மீ. தடிமன் என்றால் கோட்டின் ஒவ்வொரு பக்கமும் 36 மி.மீ. ஒட்டு பிடிப்பது இந்தப் பரப்பில்தான். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். பளபளப்பு எங்கும் மிஞ்சாமல், சாம்பல் பூத்தாற்போல மங்கலாக இருக்க வேண்டும். பிறகு தூளைத் தட்டி, அசிட்டோனில் துடைத்து, உலரவிடுங்கள்.

மேட் படிய வைப்பது

20 செ.மீ. விரிசலுக்கு மிகப்பெரிய துண்டு 30-க்கு 10 செ.மீ. இருந்தால் சரி. 450 கிராம் மேட் ஓர் அடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. தடிமன் தரும், ஆக மூன்று அடுக்கு. ஓரங்களைக் கத்தரிக்காமல் கையால் பிய்த்தெடுங்கள். பிய்ந்த இழைகள் பழைய பரப்போடு மேடு தெரியாமல் கலந்துவிடும்.

மேட்டின் எடையைப்போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் வேண்டும். மூன்று துண்டும் சேர்த்து 40 கிராம் என்றால் ரெசின் 100 கிராம், ஹார்ட்னர் ஒன்றரை கிராம். ஹார்ட்னரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்று அள்ளி ஊற்றினால் குவளையிலேயே கொதித்துப் புகையும். பெங்களூரின் டிசம்பர், ஜனவரி காலைக் குளிரில் ரெசின் சரியாக இறுகாது. வெயில் ஏறியபின் தொடங்குங்கள். மழை பெய்யும் நாளில் இந்த வேலையே வேண்டாம். ஈரம் ஒட்டைக் கெடுக்கும்.

அரைத்த பரப்பில் முதலில் ரெசினைத் தடவி, பெரிய துண்டை வையுங்கள். பிரஷ்ஷை இழுக்காமல் நுனியால் குத்திக் குத்தி நனையுங்கள். இழுத்தால் மேட் கலைந்து சுருளும். சற்று நேரத்தில் வெள்ளை மேட் கண்ணாடிபோல மாறி, அடியிலுள்ள விரிசல் கோடு தெரியத் தொடங்கும். அதுதான் நனைந்ததற்கு அடையாளம். வெள்ளைப் புள்ளி எங்கே மிஞ்சினாலும் அங்கே காற்று இருக்கிறது. விளிம்புக்குத் தள்ளி வெளியேற்றுங்கள். அடுத்தடுத்த சிறிய துண்டுகளும் இப்படியே. ரெசின் குவளையில் கூழாகத் திரண்டதும் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் தடவினால் இழை பிய்ந்து வரும்.

முன்பக்கம்

மறுநாள் டேப்பை எடுங்கள். விரிசல் கோட்டை மேலோட்டமாக வாய்க்கால்போல் அரைத்து, மெல்லிய மேட் ஒரு துண்டை ரெசினில் நனைத்துப் பதியுங்கள். காற்றுபட்ட மேற்பரப்பு இறுகியபின்னும் பிசுபிசுக்கும். அசிட்டோனால் துடைத்துவிட்டுத் தேய்த்தால் உப்புத்தாள் அடைத்துக்கொள்ளாது. பட்டிக்கு வேலை இப்போதுதான், அதுவும் மெல்லிதாக. மரக்கட்டையில் சுற்றிய 80, 180, 320 எண் தாள்களால் வரிசையாகத் தேயுங்கள். ப்ரைமர் ஏறும்வரை தண்ணீர் போட்டுத் தேய்க்காதீர்கள்; வெறும் ஃபைபர் ஈரம் குடித்தால் பின்னால் பெயிண்ட் கொப்பளிக்கும்.

ப்ரைமருக்கு முன் ஒரு வாரமாவது பேனலை வெயில் படும் இடத்தில் விடுங்கள். ரெசின் இறுகிய பின்னும் கொஞ்சம் சுருங்கும். அவசரப்பட்டுப் பெயிண்ட் அடித்தால் ஒட்டின் விளிம்பு பளபளப்பில் தெரிந்துவிடும்.

திரும்ப மாட்டும்போது துளையைப் போல்ட்டைவிடச் சற்றே பெரிதாக்கி, உள்ளே அகல வாஷரும் அதன்கீழ் ரப்பரும் வையுங்கள். ரப்பர் லேசாக அமுங்கியதும் ஸ்பேனரை எடுத்துவிடுங்கள்.